திரேசம்மா மேடையில் சொன்னது

திரேசம்மா அக்காவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதலில் வருவது கோபம்தான். அதை மறைத்துக்கொண்டு எழுதினால் இது செத்த வீட்டில் வாசிக்கிற நினைவுரை மாதிரிப் போய்விடும். அவர் உயிரோடுதான் இருக்கிறார். திராய்மடுவில், என் வேலிக்கு அந்தப் பக்கம், மூத்த மகள் வீட்டுக் குசினிச் சுவரில் தகரம் சாய்த்து இறக்கிய பத்தியில் இருக்கிறார். விடிய எழும்பி இடியப்பம் அவிக்கிறார். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகிறார். என்னைக் கண்டால் "என்ன தம்பி, சுகமா?" என்று கேட்கிறார். நானும் சுகம் என்கிறேன். கோபம் அப்படியே கிடக்கிறது.

அவர் பிறந்தது நாவலடியில். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் ஒரு துண்டு மணல். கணவர் வாவியில் வலை போடுகிறவர். இறால் படுகிற காலத்தில் வீட்டில் சிரிப்பு இருக்கும், படாத காலத்தில் சண்டை இருக்கும். இரண்டும் பெண் பிள்ளைகள். மூத்தவள் றெபேக்கா, இளையவள் டினோஷா. சுனாமி வந்த வருடம் நத்தாருக்கு மறுநாள் ஞாயிறு. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பட்டினத்துக் கோயிலுக்குப் பூசைக்கு வந்துவிட்டார் அக்கா. முதல் நாள் கொண்டாட்டத்தின் களைப்பில் கணவர் எழும்பவில்லை. கடல் வந்து வாவியோடு சேர்ந்தபோது அவர் பாயில் கிடந்தாரா முற்றத்தில் நின்றாரா என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

அதற்குப் பிறகு தறப்பாள் கொட்டில். பிறகு தகரக் கொட்டில். கடைசியில் திராய்மடுவில் இரண்டு அறை, ஒரு ஹோல், ஒரு குசினி உள்ள கல்வீடு. பக்கத்து வளவில் என் மனைவிக்கும் அதே மாதிரி ஒன்று. "புருசனக் குடுத்து எடுத்த வீடு தம்பி" என்று அக்கா சொல்வார். சிரித்துக்கொண்டுதான் சொல்வார். கேட்கிற நமக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாது.

இந்த இடத்தில் எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்லாவிட்டால் மற்றதெல்லாம் விளங்காது. மட்டக்களப்பில் பெண்ணைக் கட்டிக் கொடுப்பதென்றால் வீட்டைக் கொடுப்பது. நகையில் கூடக் குறைய இருக்கலாம், வீட்டில் இருக்கக் கூடாது. மாப்பிள்ளை வந்து பெண் வீட்டில் குடியேறுவார். கொடுத்த தாய் தகப்பன் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னுக்குப் போவார்கள். முதலில் அறையை விட்டு ஹோலுக்கு, பிறகு குசினிக்கு, பிறகு பத்திக்கு. யாரும் துரத்துவதில்லை. கொடுத்த வீட்டுக்குள் காலை நீட்டிப் படுத்தால் அது கொடுத்த மாதிரி இருக்காது என்று அவர்களே ஒதுங்குவார்கள். இதில் பெருமைதான், வெட்கமில்லை. ஆனால் ஒன்று. அந்தத் தாயைப் பார்த்து "உன் மருமகன் உன்னை வெளியில் படுக்க விட்டிருக்கிறானா?" என்று நாலு பேர் முன்னால் கேட்கக் கூடாது. கேட்டால் மருமகன் முகத்தில் துப்பியதாகும். அவள் ஆமாம் என்று சொல்லிவிட்டால் மகள் வாழ்க்கைக்கே உலை வைத்ததாகும்.

நானும் மனைவி வீட்டில் இருக்கிறவன்தான். அப்படிப்பட்டவன் இதைப் பேசலாமா என்று கேட்கலாம். பேசுவேன். இருந்து பார்த்தவனுக்குத்தான் தெரியும்.

றெபேக்காவுக்கு இருபத்து மூன்று வயதில் கலியாணம் நடந்தது. மாப்பிள்ளை டிலுக்ஷன், ஓட்டோ ஓடுகிறவன். குடியில்லை, கை நீட்டுவதில்லை. திராய்மடு வீடு றெபேக்காவுக்குப் போனது. அக்காவும் டினோஷாவும் ஒரு வருடம் ஹோலில் படுத்தார்கள். முதல் பிள்ளை பிறந்ததும் குசினிக்கு வந்தார்கள். ஓட்டோவுக்கு மழை படக் கூடாதென்று முன் விறாந்தையை டிலுக்ஷன் அடைத்தான். ஹோலில் குளிர்சாதனப் பெட்டியும் தொட்டிலும் வந்தன. இரண்டாவது பிள்ளையோடு தாயும் இளையவளும் தகரப் பத்திக்குப் போனார்கள். போ என்று டிலுக்ஷன் ஒரு நாளும் சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை.

மாரி மழைக்குப் பத்திக்குள் தண்ணீர் நிற்கும். அந்த நாட்களில் டினோஷா இரண்டு கதிரையைச் சேர்த்துப் போட்டு அதில் சுருண்டு படுப்பாள். காலையில் தலை சீவி, பவுடர் போட்டு, காத்தான்குடியில் ஒரு துணிக்கடைக்கு வேலைக்குப் போவாள். பார்ப்பவர்களுக்கு நல்ல கல்வீட்டிலிருந்து வருகிற பிள்ளை என்றுதான் தோன்றும். அந்தக் கடைக்கு மேல்மாடி கட்ட வந்த மேசன் பையன் சுலக்ஷனுக்கும் அப்படித்தான் தோன்றியது. இருவருக்கும் மனம் ஒத்துப்போனதும் உண்மையை அவளே சொன்னாள். அவன் அதற்காகப் பின்வாங்கவில்லை. நல்ல பையன். ஆனால் அவனுக்கும் ஒரு தாய் இருந்தார், அந்தத் தாய்க்கு வீடு கொடுத்துக் கரையேற்ற இரண்டு பெண் பிள்ளைகள் இருந்தார்கள்.

"புள்ளையில எனக்கு ஒரு குறையும் இல்ல" என்றார் சுலக்ஷனின் தாய். "வீடு எண்டு ஒண்டு இருந்தா நாளைக்கே கோயில்ல கலியாண ஓலை வாசிக்கலாம். வீடில்லாத இடத்துல என்ட மகன் எங்க போய் ஏறுற?"

டினோஷாவுக்கு அப்போது இருபத்தேழு. அக்காவின் கவலை முழுவதும் அந்த ஒரு வீடுதான். சாப்பிடும்போதும் அதுதான், செபமாலை சொல்லும்போதும் அதுதான்.

அந்த நேரத்தில்தான் பட்டினத்தில் சில்வெஸ்டர் சேர் என்பவர் வீட்டு உதவிச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். வங்கியில் மனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது. வாவிக்கரைப் பக்கம் கிடந்த ஒரு வளவைச் சங்கம் வாங்கியது. அதில் சின்னச் சின்ன வீடுகள் கட்டுவது, பாதிச் செலவை நன்கொடையில் எடுப்பது, மீதியைக் குடும்பங்கள் மாதா மாதம் தங்களால் இயன்றதைக் கட்டித் தீர்ப்பது என்பது திட்டம். நல்ல திட்டம். அதில் நான் குறை சொல்லமாட்டேன். சொந்தக் கூரை இல்லாதவர்களுக்கு மட்டும் என்பது சட்டம்.

சில்வெஸ்டர் சேர் நேரில் வந்து பத்தியைப் பார்த்தார். தகரத்தைத் தட்டினார், தலையை ஆட்டினார். "மூத்த புள்ளைக்கு வீட்டக் குடுத்துட்டீங்க, அதானே? எனக்கு விளங்குது. எங்கட மாமியும் இப்பிடித்தான் எங்கட வீட்டுப் பின்னறையில இரிக்கிறா" என்றார். முதலில் கட்டுகிற ஆறு வீட்டில் ஒன்று டினோஷாவுக்கு என்று வாயால் சொல்லிவிட்டுப் போனார். அன்று அக்கா எங்கள் வீட்டுக்கும் ஒரு தட்டு இடியப்பம் கொடுத்தனுப்பினார். காசு வாங்கவில்லை.

ஆறு வீட்டுக்குப் பணம் சேர்க்க இராப்போசன விருந்து ஒன்று வைத்தார்கள். எல்லாரும் அதை டினர் என்றே சொன்னார்கள். வாவி ஓரம் ஒரு கலியாண மண்டபம். பூசைக்கும் கலியாணத்துக்கும் ஓகன் வாசிப்பது என் தொழில், ஆகவே அன்றைக்கும் என்னைப் பிடித்தார்கள். மேடையின் ஒரு மூலையில் இருந்ததால் முழு மண்டபமும் எனக்குத் தெரிந்தது. மட்டக்களப்பு டொக்டர்மார், லோயர்மார், கடை முதலாளிமார், வெளிநாட்டிலிருந்து லீவில் வந்த ஆட்கள். ஒவ்வொரு மேசையும் ஒரு வீட்டைப் பொறுப்பெடுக்கலாம் என்று அறிவித்திருந்தார்கள். நடு மேசையில் கனடாவிலிருந்து வந்த டொக்டர் அம்மா ஒருவர் இருந்தார். டினோஷாவின் வீட்டை எடுப்பதாக அவர்தான் ஒத்துக்கொண்டிருந்தார்.

மேடையில் வீடு மாதிரியே ஒரு கேக் செய்து வைத்திருந்தார்கள். சிவப்பு ஐசிங்கில் ஓடு, பச்சை ஐசிங்கில் முற்றம், சொக்கலேட்டில் கதவு. அதை ஏலம் போட்டு வெட்டி ஆளுக்கொரு துண்டாகக் கொடுத்தார்கள். ஒருவர் சுவரைத் தின்றார், ஒருவர் கூரையைத் தின்றார். வீடு கிடைக்கவிருந்த குடும்பங்கள் கடைசி வரிசையில் சோடாப் போத்தலோடு இருந்து பார்த்துக்கொண்டிருந்தன. கூட்டம் முடிந்த பிறகு அவர்களுக்குச் சாப்பாடு என்று சொல்லியிருந்தார்கள்.

அந்தக் கடைசி வரிசையில் சுலக்ஷனின் தாயும் இருந்தார். அவரை அழைத்தது திரேசம்மா அக்காதான். மகளுக்கு வீடு அறிவிக்கப்படுவதைச் சம்பந்தி தன் காதால் கேட்க வேண்டும் என்ற ஆசை. டிலுக்ஷனும் அங்கே இருந்தான், அது யாரும் திட்டமிட்டதல்ல. காத்தான்குடியிலிருந்து புரியாணிச் சட்டிகளை ஏற்றி வர அவன் ஓட்டோவைப் பிடித்திருந்தார்கள். பரிமாற ஆள் போதாமல் அவனையும் ஒரு வெள்ளைச் சட்டை போடச் சொல்லி நண்டுத் தட்டைக் கையில் கொடுத்துவிட்டார்கள்.

குடும்பங்கள் மேடையேறி இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்பது சில்வெஸ்டர் சேரின் ஏற்பாடு. "சும்மா உள்ளதச் சொல்லுங்க. எங்க படுக்கிறீங்க, மழை பெஞ்சா எப்பிடி, அவ்வளவுதான்" என்று முதல் நாளே அக்காவுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார். பத்தி என்று சொல்வதில் அக்காவுக்கு ஒரு தடையும் இல்லை. நான் சொன்னேனே, அதில் வெட்கமில்லை.

நிகழ்ச்சி நடத்தக் கொழும்பிலிருந்து ஒரு பையனைக் கூப்பிட்டிருந்தார்கள். குரல் நல்ல குரல். அந்தக் குரலுக்குக் கண்ணீர் வேண்டும்.

"அம்மா, நீங்க இரவில எங்க படுக்கிறீங்க எண்டு இவங்களுக்குச் சொல்லுங்க" என்று கேட்டான்.

"மகள்ட வளவுக்குள்ள. குசினிக்குப் பின்னால ஒரு பத்தி இரிக்கு. இளையவளும் நானும்" என்றார் அக்கா. நல்லபடியாகத்தான் சொன்னார்.

"மகளுக்குக் கல்வீடு இருக்கு, இல்லையா? அதுக்குள்ள உங்களைப் படுக்க விடுறதில்லையா?"

அக்கா கடைசி வரிசைப் பக்கம் பார்த்தார்.

"பரவாயில்லம்மா, சொல்லுங்க. மருமகன்தானே விடுறதில்ல? பெத்த தாயை வெளியில தகரத்துக்குக் கீழ போட்டிட்டு அவங்க உள்ள பேனுக்குக் கீழ படுக்கிறாங்க. அப்பிடித்தானே அம்மா?"

மண்டபத்தில் "உச்" கொட்டுகிற சத்தம் எழும்பியது. டொக்டர் அம்மா கண்ணைத் துடைக்கக் கைலேஞ்சி எடுத்தார். அவர் மேசைப் பக்கத்தில்தான் டிலுக்ஷன் நின்றான், கையில் தட்டு, அசையவில்லை. அந்த மண்டபத்தில் பாதிப் பேருக்கு அவனைத் தெரியும். கடைசி வரிசையில் சுலக்ஷனின் தாய் கழுத்தை நீட்டிப் பார்த்தார்.

அக்கா மைக்கைக் கையில் வாங்கினார்.

"ஆரு தம்பி உங்களுக்கு அப்பிடிச் சொன்ன? என்ட மருமகன் அந்தா நிக்கிறார். பெத்த மகனும் அப்பிடிப் பாக்கமாட்டான். ரெண்டு அறை, பெரிய ஹோல், எல்லாம் எனக்கும் சேத்துத்தான். நான் கட்டில்லதான் படுக்கிறன். அந்த வீட்டுல எனக்கொரு குறையும் இல்ல."

"அப்ப உங்களுக்கு வீடே தேவையில்லைப் போல!" என்றான் பையன். சிரிக்க வைத்துச் சமாளிக்கப் பார்த்தான். மண்டபமும் சிரித்தது.

"இல்ல தம்பி, என்ட இளைய புள்ளைக்கு..." என்று அக்கா தொடங்கினார். மைக் அதற்குள் அவர் கையில் இல்லை. அடுத்த குடும்பத்தைக் கூப்பிட்டாகிவிட்டது.

டொக்டர் அம்மா சில்வெஸ்டர் சேரைக் கூப்பிட்டு ஏதோ கேட்டார். பதிலுக்கு அவர் கையைப் பிசைந்தார். அவர் சொல்ல வேண்டியது ஒரு வாக்கியம்தான்: எங்கள் பக்கம் தாய்மார் இப்படித்தான் பேசுவார்கள் அம்மா, மருமகனை விட்டுக்கொடுக்கமாட்டார்கள், உண்மை அவர் முதலில் சொன்னதுதான். தன் மாமியாரைப் பின்னறையில் வைத்திருக்கிற மனிதனுக்கு இது தெரியாதா? மண்டபத்தில் இருந்தவர்களில் பாதிப் பேர் பெண்சாதி வீட்டிலிருந்து புறப்பட்டு வந்தவர்கள்தான். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. நண்டுக் காலை உடைக்கிற சத்தம்தான் கேட்டது. சேர் என் பக்கம் திரும்பி ஏதாவது வாசி என்று கையைச் சுழற்றினார். எனக்கு வந்த ஆத்திரத்தில் ஓகனை நிறுத்திவிட்டு எழும்பிவிட்டேன். அன்று பேசிய கூலியை இன்னும் தரவில்லை, நானும் கேட்கப் போகவில்லை.

அக்கா மேடையை விட்டு இறங்கும் முன்பே டொக்டர் அம்மா வேறொரு குடும்பத்தின் வீட்டை எடுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை வேலியில் அக்காவைப் பிடித்தேன். "ஏன்கா இப்பிடிச் செஞ்சீங்க? ஓம் எண்டு தலையை ஆட்டியிருந்தா வீடு வந்திரிக்கும்தானே?"

"தலையை ஆட்டிப்போட்டு வீட்ட வந்து என்ட மூத்தவள்ட முகத்த எப்பிடிப் பாக்கிற?" என்றார். "சம்பந்தியும் இரிந்தவ. மூத்த மருமகன் மாமியத் துரத்தினவன் எண்டு கேட்டாவெண்டா அவ தன்ட மகன இஞ்ச தருவாவா?"

அதுதான் எரிச்சல். அவர் சொன்னது முழுவதும் சரி, ஆனால் வீடு போய்விட்டது.

டிலுக்ஷன் அன்று முழுவதும் சந்தோசமாகத் திரிந்தான். ஓட்டோ நிறுத்துகிற இடத்தில் "எங்கட மாமி குடுத்தா பாருங்க ஒரு பதில்" என்று சொல்லித் திரிந்தானாம். அக்காவுக்கு அரைக் கிலோ திராட்சை வாங்கி வந்தான். பத்தி வாசலில் நின்றுதான் கொடுத்தான்.

டினோஷா அழவில்லை. கடையில் லீவு போட்டுத் தாயைக் கூட்டிக்கொண்டு சங்கத்துக்குப் போனாள், துணைக்கு நானும் போனேன். அக்கா சில்வெஸ்டர் சேருக்கு முன்னால் தலை குனிந்து நின்று உள்ளதைச் சொன்னார். தான் பொய் சொன்னது, ஏன் சொன்னது, எல்லாம் சொன்னார். சேர் மேசையில் விரலால் தாளம் போட்டுக்கொண்டு கேட்டார்.

"எனக்குத் தெரியும் அம்மா. ஆனா டினர் வீடியோ பேஸ்புக்கில போயிட்டு. வெளிநாட்டு ஆக்கள் கேக்கிறாங்க" என்றார். "ஆறில ஒரு வீட்டுக்கு இன்னும் ஆள் முடிவாகல்ல. ஞாயிற்றுக்கிழமை கொமிட்டியோட உங்கட வீட்ட வாறன். மருமகன் ஒரு சொல்லுச் சொல்லட்டும், மாமிக்கும் மச்சாளுக்கும் உள்ளுக்கு இடமில்ல எண்டு. அவ்வளவுதான். உங்கட புள்ளைக்கு வீடு."

ஒரு சொல். அதைச் சொல்வதில் அவனுக்கு என்ன போகப் போகிறது? நான் டிலுக்ஷனிடம் போய்க் கேட்டேன், கெஞ்சியும் கேட்டேன். அவன் ஓட்டோக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: "ஊர் முழுக்கப் பாத்த வீடியோவில மாமி என்னத் தங்கம் எண்டு சொல்லியிருக்கா. இப்ப நானே வந்து இல்ல, நான் மாமிய வெளியில போட்டவன்தான் எண்டு சொல்லவா? என்னை மனிசன் எண்டு மதிப்பாங்களா?"

ஞாயிறு காலை ஒரு லொறியில் கட்டில் வந்தது. புதுக் கட்டில், பூப்போட்ட மெத்தை. டிலுக்ஷனும் அவன் கூட்டாளியும் தூக்கி ஹோலில் போட்டார்கள். பத்தியில் இருந்த பாயும் தலையணையும் டினோஷாவின் உடுப்புப் பெட்டியும் உள்ளே போயின. பத்தியில் விறகை அடுக்கினார்கள். டினோஷா வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வீட்டுக்குள் சத்தம் கேட்டது. எங்கள் வேலிக்கு அதெல்லாம் கேட்கும்.

"நான் சொல்லிப்போட்டன்" என்றான் டிலுக்ஷன். "என்ன, மாமியத் துரத்தினவன் எண்டு அவங்க எழுதிட்டுப் போனாங்கெண்டா, நான் இண்டைக்கே எங்கட அம்மாட்டப் போறன். நீயும் உன்ட வீடும் கொம்மாவும் சேந்து இரிங்க."

றெபேக்கா மூன்றாவதை வயிற்றில் வைத்திருந்தாள். அவள் அழுகிற சத்தம் கேட்டது. தாயின் சத்தம் கேட்கவில்லை.

கொமிட்டி வந்தது. சில்வெஸ்டர் சேரும் இன்னும் இரண்டு பேரும். டினோஷா என்னையும் வரச் சொன்னாள், போனேன். ஹோலில் கட்டில், அதில் அக்கா உட்கார்ந்திருந்தார். நல்ல சேலை. விருந்தாளி வீட்டுக்கு வந்தவர் மாதிரி நுனியில் உட்கார்ந்திருந்தார்.

"மாமி இஞ்சதான் படுக்கிறா. மச்சாளுக்கு அந்த அறை" என்றான் டிலுக்ஷன்.

"பொய்" என்றாள் டினோஷா. "சேர், இந்தக் கட்டில் இண்டைக்குக் காலையிலதான் வந்த. மெத்தையில பொலித்தீன் கூட இன்னும் முழுக்கக் கழட்டல்ல, பாருங்க. நானும் அம்மாவும் பின்னால தகரத்துக்குக் கீழதான் படுக்கிற. மழை பெஞ்சா கதிரையில."

"நானும் பாத்தன் சேர். லொறி எங்கட வாசலத் தாண்டித்தான் வந்த" என்றேன்.

"வீட்டுக்காரங்க சொல்லட்டும் தம்பி" என்றார் சேர், என்னைப் பார்க்காமல். பிறகு அக்காவிடம் குனிந்தார். கொஞ்சம் இரக்கத்தோடுதான் கேட்டார், அதையும் சொல்ல வேண்டும். "அம்மா, நீங்க சொல்லுங்க. நீங்க சொல்றதத்தான் நான் எடுப்பன்."

அக்கா முதலில் டினோஷாவைப் பார்த்தார். பிறகு அறைக் கதவைப் பிடித்துக்கொண்டு வயிற்றோடு நின்ற றெபேக்காவைப் பார்த்தார். டிலுக்ஷனின் உடுப்புப் பை மேசையில் கட்டி வைத்தபடி இருந்தது. நான் மனதுக்குள் சொல்லுக்கா, சொல்லுக்கா என்று கத்தினேன்.

"சின்னவள் கலியாண ஆசையில பொய் சொல்றாள் சேர்" என்றார் திரேசம்மா. "நான் இஞ்சதான் படுக்கிற."

சில்வெஸ்டர் சேர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் புறப்பட்டார். டிலுக்ஷன் அவருக்கும் மற்ற இரண்டு பேருக்கும் சோடா கொடுத்தான். டினோஷா ஹோலில் நின்ற இடத்திலேயே நின்றாள். யாரும் அவளைத் தொடவில்லை. தாயும் தொடவில்லை.

அந்தக் கிழமையே கட்டில் அறைக்குள் போனது. பிள்ளைத்தாய்ச்சிக்கு முதுகு நோகுது என்று காரணம். விறகை எடுத்துவிட்டு அக்கா திரும்பவும் பத்தியில் பாயை விரித்தார். சுலக்ஷனின் தாய் ஒரு நாள் வந்து தேத்தண்ணி குடித்து, பிள்ளைகளைக் கொஞ்சி, மரியாதையாக விடைபெற்றுப் போனார். சுலக்ஷனுக்கு அடுத்த ஆவணியில் வேறு இடத்தில், வீடு உள்ள இடத்தில், கலியாணம் நடந்தது. அந்தக் கலியாணத்துக்கு ஓகன் வாசிக்க என்னைக் கேட்டார்கள். முடியாது என்று சொல்லிவிட்டேன்.

டினோஷா துணிக்கடை வேலையை விட்டாள். ஏஜென்சியில் பதிந்து குவைத்துக்குப் போனாள், வீட்டு வேலைக்கு. தன் வீட்டைத் தானே கட்டப் போகிறாளாம். கட்டி முடிக்கும்போது அவளுக்கு என்ன வயது வரும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. போகிற அன்று றெபேக்காவின் பிள்ளைகளை மாறி மாறித் தூக்கிக் கொஞ்சினாள். தாய் நெற்றியில் சிலுவை போடக் கையைத் தூக்கியபோது, "வேன் நிக்குது" என்று சொல்லி ஏறிவிட்டாள்.

இப்போது வெள்ளிக்கிழமைகளில் அவள் றெபேக்காவின் போனுக்கு எடுப்பாள். பிள்ளைகள் கேட்க வேண்டுமென்று றெபேக்கா ஸ்பீக்கரில் போடுவாள். டினோஷா பிள்ளைகளோடு சிரித்துப் பேசுவாள், பல்லு விழுந்ததா, பள்ளிக்குப் போனாயா என்று கேட்பாள். அக்கா குசினிக் கதவோரம் வந்து முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நிற்பார்.

"அம்மாவும் பக்கத்துலதான் நிக்கிறா. குடுக்கவா?" என்று றெபேக்கா ஒவ்வொரு முறையும் கேட்பாள்.

"மேடம் கூப்பிடுறா அக்கா. வைக்கிறன்."

போனை வைத்துவிட்டு றெபேக்கா தாயின் பக்கம் திரும்புவாள். "அவசரத்துல வச்சிட்டாள்மா. உங்களத்தான் சுகம் கேட்டாள்."

"ஓம், ஓம். அவளுக்கு வேலை கூட" என்பார் திரேசம்மா அக்கா.

அந்தப் போன் பேசுவது வேலிக்கு இந்தப் பக்கம் எனக்கே ஒரு சொல் விடாமல் கேட்கிறது. அக்காவின் காதில் ஒரு பழுதும் இல்லை.